ஈர மண்ணில் வாடிய ஃபியூஷியா: ஒரு தொங்கு தொட்டியின் நிகழ்வு ஆய்வு

மேற்குப் பார்த்த சுவரில், ஆளுயரத்துக்குச் சற்று மேலே கொக்கியில் மாட்டிய 30 செ.மீ. அகலத் தொங்கு தொட்டி. கருப்பு பிளாஸ்டிக். அடியில் ஒரு தட்டு பொருத்தியே விற்கப்படும் வகை. உள்ளே 'ஸ்விங்டைம்' ரக ஃபியூஷியா மூன்று செடிகள். சிவப்புப் புல்லி இதழும் வெள்ளை அடுக்கு அல்லி இதழும் கொண்ட இந்த ரகம் 1950-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. தொங்கு தொட்டிக்கென்றே இன்றும் வளர்க்கிறார்கள். மண்கலவை பாதிக்குப் பாதி தோட்ட மண்ணும் மட்கிய உரமும். வசந்தத்தின் இறுதியில் நட்டது, கோடைத் தொடக்கம் வரை நன்றாகப் படர்ந்து பூத்தது. கோடை நடுவில் மூன்றும் வாடின. ஒன்று போய்விட்டது, இரண்டு பிழைத்தன. பிழைத்த இரண்டிலும் பழைய வேரில் பாதிகூட மிஞ்சவில்லை.

இது அரிதான நிகழ்வு அல்ல. ஃபியூஷியா வளர்ப்பவர்கள் கோடையில் செடியை இழப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான். அதனால்தான் அடுத்தடுத்து நடந்ததை வரிசைப்படி பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் அறிகுறியும் தவறான பாடமும்

பகல் வெப்பம் 33, 34 டிகிரி செல்சியஸைத் தொட்ட முதல் நாட்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு இலைகள் தொங்கின. வளர்த்தவர் உடனே ஒரு பூவாளித் தண்ணீர் ஊற்றினார். ஆறு மணிக்குச் செடி நிமிர்ந்திருந்தது. மறுநாளும் அப்படியே. தண்ணீர்தான் காப்பாற்றியது என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடுவார்கள்.

ஆனால் நிமிர்த்தியது தண்ணீர் அல்ல, இறங்கிய வெயில். ஃபியூஷியாவின் இலை மெல்லியது, நீரை வேகமாக ஆவியாக விடும். கடும் வெப்பத்தில் வேர் உறிஞ்சித் தரும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் அதிகமாகிவிட்டால், மண் போதுமான ஈரத்தில் இருந்தாலும் இலை தொங்கும். வெயில் தணிந்ததும் கணக்கு நேராகி, தானே நிமிரும். அந்த வேளையில் ஊற்றிய தண்ணீர் செடிக்குப் போகவில்லை. ஏற்கெனவே ஈரமாக இருந்த மண்ணில் காற்று நின்ற இடங்களை நிரப்பிவிட்டு, மிச்சம் அடித்தட்டில் தங்கியது.

இங்கே வெப்பம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. மண் சூடானால் வேர் அதிகம் சுவாசிக்கும், அதற்கு அதிக ஆக்சிஜன் வேண்டும். அதே நேரம், சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு. குளிர்ந்த பருவத்தில் இதே அளவு தண்ணீரைத் தாங்கியிருக்கக் கூடிய வேர், கருப்புத் தொட்டியில், சூடான சுவரை ஒட்டி, மூச்சுத் திணறுகிறது. திணறி இறந்த நுனிவேர்களில் பித்தியம் போன்ற நீர்ப்பூஞ்சைகள் நுழைகின்றன.

இப்படியே ஒரு வாரத்துக்கு மேல் போனது. அதன்பின் காலையிலும் இலைகள் தொங்கியபடி இருந்தன. அடி இலைகள் மஞ்சளாகின, மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. மஞ்சளைப் பார்த்து மெக்னீசியக் குறை என்று எண்ணி எப்சம் உப்புக் கரைசலும், கூடவே திரவ உரம் முழு அளவிலும் கொடுக்கப்பட்டன. வேலை செய்யாத வேருக்கு உரம் கொடுப்பது உப்பு கொடுப்பதுதான். மிஞ்சிய நல்ல வேரையும் அது சுட்டது. மெக்னீசியக் குறையாக இருந்தால் முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாகவே நிற்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் வெளுக்கும். இங்கே நரம்பும் சேர்ந்து முழு இலையும் மஞ்சளாகியிருந்தது. அந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்திருந்தால் உப்புக் கரைசல் தேவைப்பட்டிருக்காது.

எப்படிக் கண்டறியப்பட்டது

முதல் சோதனைக்குக் கருவி வேண்டாம். சூரியன் ஏறுவதற்கு முன் செடியைப் பார்ப்பது, பிறகு தொட்டியை இரு கையாலும் தூக்கிப் பார்ப்பது. தொட்டி இலேசாக, இலை தொங்கியிருந்தால் அது தாகம். தொட்டி கனமாக, விடிகாலையில் இலை விறைப்பாக இருந்து நடுப்பகலில் மட்டும் தொங்கினால் வெப்பம். நிழல் தர வேண்டும், தண்ணீர் வேண்டாம். தொட்டி கனமாக, விடிகாலையிலும் இலை தொங்கியிருந்தால் வேரில் கோளாறு. இந்தத் தொட்டி மூன்றாவது வகை. விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டபோது சேறாக இருந்தது. அடித்தட்டைக் கழற்றியதும் நின்ற தண்ணீர் கொட்டியது. தட்டின் விளிம்பு தொட்டியின் வடிதுளைகளைவிட உயரம் என்பதால், துளைகள் நீருக்குள் மூழ்கியே இருந்திருக்கின்றன.

வேரழுகல் என்று எழுதிவிடுவதற்கு முன் இன்னும் இரண்டு சந்தேகங்களைக் கழிக்க வேண்டியிருந்தது. ஒன்று கூன்வண்டு. இதன் புழுக்கள் ஃபியூஷியா வேரை விரும்பித் தின்பவை. பாலாடை நிறம், பழுப்புத் தலை, காலில்லாமல் 'சி' வடிவில் சுருண்டு, 1 செ.மீ. வரை இருக்கும். செடி வாடி, இழுத்தால் வேரில்லாமல் கையோடு வரும். வளர்ந்த வண்டு இரவில் இலை விளிம்பை அரை வட்டமாகக் கொறிக்கும். இந்தச் செடிகளில் அந்தக் கொறிப்பு இல்லை, மண்ணை உதிர்த்தபோது புழுவும் இல்லை. புழு இருந்திருந்தால் மருத்துவமே வேறு: மண் 5 டிகிரிக்கு மேல் இருக்கும்போது ஸ்டெய்னர்நீமா கிராஸ்ஸி என்ற நூற்புழுவை நீரில் கலந்து ஊற்றலாம்.

மற்றது ஃபியூஷியா முடிச்சுச் சிலந்தி. கண்ணுக்குத் தெரியாத, கால் மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத சிலந்திப்பேன். 1970-களில் பிரேசிலில் முதலில் விவரிக்கப்பட்டு, 1981-இல் கலிஃபோர்னியாவிலும், 2000-களில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் கண்டறியப்பட்டது. இது வந்தால் வளர்நுனிகள் வீங்கி, முறுக்கிச் சிவந்து, பூவும் இலையும் அடையாளம் தெரியாமல் உருக்குலையும். வாடல் இதன் அறிகுறி அல்ல. நுனித் துளிர் நேராக இருந்ததால் இதையும் ஒதுக்கலாம்.

மீதி இருந்தது செடியை வெளியே எடுத்துப் பார்ப்பது மட்டும். தொட்டியைக் கவிழ்த்து, மண் உருண்டையை அப்படியே எடுத்தபோது சுவர்ப்பக்கம் ஒரு நிறம், முன்பக்கம் இன்னொரு நிறம். முன்பக்க வேர்களில் வெளிர் நிற நுனிகள் ஆங்காங்கே இருந்தன. சுவர்ப்பக்க வேர்கள் பழுப்பு, புளித்த வாடை. அந்த வேர் ஒன்றை விரல்களுக்கு இடையில் பிடித்து மெல்ல உருவினால், வெளித்தோல் உறைபோலக் கழன்று வந்து, நடுவில் நூல் மட்டும் நிற்கும். இதுதான் பித்தியம் அழுகலின் கைச்சோதனை. காய்ந்து செத்த வேர் இப்படி உரியாது, ஒடியும்.

வெட்டுவதற்கு முன் நறுக்கு எடுத்தது

இந்த வரிசை முக்கியம். செடி பிழைக்குமா என்பது யாருக்கும் தெரியாத நிலையில், கத்தியை வேரில் வைப்பதற்கு முன்பே நுனி நறுக்குகள், அதாவது வேர்விடச் செய்து புதுச் செடியாக்கும் கிளைத் துண்டுகள், எடுக்கப்பட்டன. இருப்பதில் விறைப்பாக இருந்த, மொட்டு இல்லாத நுனிகள் மட்டும். 5 முதல் 7 செ.மீ. நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு. அடி ஜோடி இலைகள் நீக்கப்பட்டு மேலே இரண்டு ஜோடி விடப்பட்டன, பெரிய இலைகள் பாதியாக வெட்டப்பட்டன. பாதி தென்னை நார்த்தூள், பாதி பெர்லைட் (மண்ணில் காற்றிடம் தரும் இலேசான வெள்ளைக் கல்துகள்) கலவையை நனைத்து, கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் அளவு ஈரத்தில், 2 செ.மீ. ஆழத்தில் செருகல். மேலே ஒளி புகும் பை. வெயில் படாத வெளிச்சம். 18 முதல் 21 டிகிரிக்குள் வைத்தால் இரண்டு முதல் நான்கு வாரங்களில் ஃபியூஷியா வேர்விடும். வேர் ஊக்கி மாவு இல்லாமலே பிடிக்கும் செடி இது. வாங்கி வைத்திருந்தால் தொடலாம், இல்லையென்றால் குறையில்லை. அதைவிட முக்கியம், பையை நாளுக்கு ஒரு முறை திறந்து காற்றாட விடுவது. 25 டிகிரிக்கு மேல் மூடிய பைக்குள் நறுக்குகள் வேர்விடுவதற்கு முன்பே சாம்பல் பூஞ்சணம் பிடித்து அழுகும். நறுக்குகளை வீட்டுக்குள் குளிர்ந்த அறையில் வைத்தது அதற்காகத்தான்.

அடுத்து வேர் வேலை. மண்ணை உதறி, மீதியைத் தண்ணீரில் அலசியதும் மூன்று செடிகளும் தனித்தனியாகப் பிரிந்தன. சுவர்ப்பக்கச் செடியின் அடித்தண்டைக் கீறியதில் பச்சையே இல்லை, பழுப்பு கழுத்து வரை ஏறியிருந்தது. அது தூக்கி எறியப்பட்டது, உரக்குழியில்கூடப் போடவில்லை. மற்ற இரண்டிலும் உரியும் வேர்களை வெள்ளைத் திசு தெரியும் இடம் வரை கத்தரித்தார்கள், ஒவ்வொரு செடிக்கும் கத்தியை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து. பிறகு மேல்பகுதி: எல்லாப் பூக்களும் மொட்டுகளும் நீக்கம், கிளைகள் பாதி நீளத்துக்குக் கவாத்து. பூத்துக்கொண்டிருக்கும் செடியின் மொட்டைக் கிள்ளக் கை வராதுதான். ஆனால் பாதி வேர் போன செடியால் முழு இலையையும் பூவையும் தாங்க முடியாது; மனிதர் செய்யாவிட்டால் செடி தானே கிளைகளைக் காயவிட்டுக் கணக்கைச் சரிசெய்யும், அது எந்தக் கிளை என்று நம்மைக் கேட்காது.

பூஞ்சணக்கொல்லி ஊற்ற வேண்டுமா என்ற கேள்வி இந்தக் கட்டத்தில் எப்போதும் வரும். தோட்டங்களில் எளிதாகக் கிடைக்கும் கார்பன்டாசிம் இங்கே பயன்படாது. பித்தியம் மெய்ப்பூஞ்சை அல்ல, நீர்ப்பூஞ்சைக் கூட்டம். அந்த மருந்து தாக்கும் இடம் அதில் வேறு மாதிரி. மெட்டலாக்சில் வகை அதன்மேல் வேலை செய்யும், ஆனால் செத்த வேரை எழுப்பாது. ஆக்சிஜன் கிடைக்காத மண்ணில் எந்த மருந்தும் தண்ணீரோடு சேர்ந்த இன்னொரு தண்ணீர்தான். இங்கே மருந்து எதுவும் ஊற்றப்படவில்லை.

சிறிய தொட்டிக்குத் திரும்பியது

மிஞ்சிய வேர் உருண்டை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவு. அதைப் பழைய 30 செ.மீ. தொட்டிக்கே திருப்பி வைத்திருந்தால், வேர் எட்டாத மண் முழுதும் நாட்கணக்கில் ஈரமாகவே நின்று, அழுகல் மீண்டும் தொடங்கியிருக்கும். ஆகவே 12 செ.மீ. தொட்டி ஒவ்வொன்றுக்கும். கலவை: தென்னை நார்த்தூள் 2 பங்கு, பெர்லைட் 1 பங்கு, சலித்த மண்புழு உரம் அரைப் பங்கு. தோட்ட மண் கிடையாது. வெளியில் எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும், தொட்டிக்குள் தண்ணீர் ஊற்ற ஊற்ற அது இறுகி, காற்று இடைவெளி இல்லாமல் போகும்.

அடியில் ஓட்டுச் சில்லு அல்லது கூழாங்கல் அடுக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுண்மண்ணிலிருந்து கரடான அடுக்குக்கு நீர் எளிதில் இறங்காது. மேல் மண் நிறைசெறிவான பிறகே சொட்டும். கல்லடுக்கு வைத்தால் ஈரமான பகுதி வேருக்குப் பக்கத்தில் மேலே ஏறி வருகிறது, அவ்வளவுதான். துளையில் மண் ஒழுகாமல் இருக்க ஒரு துண்டு வலை போதும்.

நட்டதும் ஒரே முறை நன்றாக நீர் விட்டு வடியவைத்தபின், தொட்டிகள் வடகிழக்கு மூலையில், காலை இரண்டு மூன்று மணி நேர வெயில் மட்டும் படும் இடத்துக்குப் போயின. இலைக்கு ஈரப்பதம் தேவைப்பட்டதால் காலையில் தெளிப்பு. மண்ணுக்குத் தண்ணீர் தொட்டி கையில் இலேசாகத் தெரியும்போது மட்டும். முதல் சில நாட்கள் இலைகள் மந்தமாகவே இருந்தன. அதில் பதறித் தண்ணீர் கூட்டாமல் இருப்பதுதான் இந்த மருத்துவத்தின் கடினமான பகுதி. கணுக்களில் அரிசி மணி அளவில் பச்சை முளைகள் தெரிந்தபோது மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. அதுவரை உரம் ஒரு சொட்டும் இல்லை. இலை ஜோடி இரண்டு விரிந்த பிறகு, சமச்சீர் திரவ உரம் குறிப்பிட்ட அளவில் பாதியாக, வாரம் ஒரு முறை, அதுவும் ஏற்கெனவே ஈரமான மண்ணில். புது மொட்டு கட்டியதும் சாம்பல்சத்து கூடிய உரத்துக்கு மாற்றம்.

இடையில் ஒரு பின்னடைவு. தொட்டிகள் நெருக்கி வைக்கப்பட்ட ஈரமூலையில், ஒரு செடியின் இலை அடியில் ஆரஞ்சுப் பொடி. துருநோய். மேற்புறத்தில் வெளிறிய புள்ளி, அதே இடத்தில் அடிப்புறத்தில் பொடித் திட்டு. விரலால் தடவினால் ஒட்டும். ஃபியூஷியாத் துருவுக்கு எபிலோபியம் என்ற களைச் செடியும் புகலிடம், இரண்டும் ஒரே குடும்பம். சுவரோரம் முளைத்திருந்த அந்தக் களையைப் பிடுங்கி, நோய்ப்பட்ட இலைகளைப் பையில் போட்டு அகற்றி, தொட்டிகளுக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டு, இலைத் தெளிப்பையும் நிறுத்திய பிறகு அடுத்த இலைகள் சுத்தமாக வந்தன. ஈரப்பதத்துக்காகத் தெளித்த தண்ணீரே துருவுக்கு வழிவிட்டது. இலை நனைந்து நெடுநேரம் காயாமல் இருந்தால் அதன் விதைத்துகள் முளைக்கும். புது வேர் பிடித்தது தெரிந்த அன்றே தெளிப்பை விட்டிருக்க வேண்டும்.

நுனி கிள்ளல், காலக் கணக்கு

வேர்விட்ட நறுக்குகள் 8 செ.மீ. தொட்டிகளுக்கு மாறின. ஃபியூஷியாவில் பூ வருவது புதுக் கிளையின் நுனிப் பகுதியில். எத்தனை நுனியோ அத்தனை பூ. அதனால் மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியை விரல் நகத்தால் கிள்ள வேண்டும். இலைக் கக்கத்தில் கிளம்பும் கிளைகள் மீண்டும் இரண்டு ஜோடி விட்டதும் இன்னொரு கிள்ளல். கடைசியாகக் கிள்ளியதிலிருந்து ஒற்றை இதழ் ரகம் பூக்க ஆறு முதல் எட்டு வாரம், 'ஸ்விங்டைம்' போன்ற அடுக்கு ரகத்துக்கு எட்டு முதல் பத்து வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த நிகழ்வில் கோடை நடுக்கட்டம் தாண்டிவிட்டதால், பகல் நேரம் குறைவதற்கு முன் பத்து வாரம் கிடைக்காது. பெரும்பாலான கலப்பு ரகங்கள் நீண்ட பகலில்தான் மொட்டு கட்டும். ஆகவே தாய்ச்செடிகளில் கிள்ளல் இல்லை. வந்த கிளைகளை வந்தபடி விட்டதில் வெயில் தணிந்த பருவத்தில் சிறிதளவு பூத்தன. நறுக்குகளுக்கு அந்த ஆண்டு பூவே வேண்டாம் என்று முடிவு, இருமுறை கிள்ளி அடர்த்தி மட்டும்.

உதிர்ந்த பூவை எடுக்கும்போது அதன் காம்பில் பச்சை உருண்டையாக நிற்கும் சூலகத்தையும் சேர்த்துக் கிள்ள வேண்டும். பூ மட்டும் போய் காய் நின்றால், செடி பூப்பதை மெல்லக் குறைத்துக்கொள்ளும்.

இடமும் தொட்டியும் மாறியது

சுவரில் இருந்த கொக்கி கழற்றப்பட்டது. புதிய தொங்கு தொட்டி சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, கைக்கெட்டும் உயரத்தில். உயரத்தில் தொங்கும் தொட்டியை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. தூக்கிப் பார்க்காத தொட்டிக்குத் தண்ணீர் எப்போதும் பழக்கத்தில்தான் விழும். வெளிர் நிறத் தொட்டி, அடித்தட்டு இல்லை. மாறாக, தொட்டி ஒரு நாள் முழுக்கக் காய்ந்து, நார்த்தூள் சுருங்கி, ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்தோடினால், வாளித் தண்ணீரில் விளிம்பு வரை இறக்கி, குமிழி வருவது நிற்கும் வரை, ஏறக்குறைய இருபது முப்பது நிமிடம் ஊறவைத்து எடுப்பதே சரி.

மேற்கு வெயிலைத் தவிர்க்கவே முடியாத இடமாக இருந்தால் ரகத்தை மாற்றுவது மண்ணை மாற்றுவதைவிட எளிது. ட்ரைஃபில்லா என்ற ஃபியூஷியா இனத்தின் வழி வந்த நீண்ட குழல் பூக்கொண்டவை, குறிப்பாக 1905-ஐச் சேர்ந்த 'கார்டன்மெய்ஸ்டர் பான்ஸ்டெட்', அடுக்கு ரகங்களைவிட வெயிலையும் வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும். ஆனால் குளிரைத் தாங்காது; உறைபனி பட்டால் போய்விடும். உறைபனி உள்ள இடங்களில் நிலத்தில் நிரந்தரமாக விட மெஜெல்லானிகா என்ற இனத்தின் வழி வந்த ரகங்கள் பொருத்தம், வேர்க்கழுத்து மண்ணுக்குள் 5 செ.மீ. ஆழம் போகும்படி நட்டு.

'ஸ்விங்டைம்' தொட்டிகளுக்குக் குளிர்காலத் தங்கல் 4 முதல் 8 டிகிரி உள்ள, உறையாத இடம். இலை உதிரும், உதிரட்டும். இந்தக் காலத்தில் தண்ணீர் மாதம் ஓரிரு முறை, மண் தூளாகக் காய்ந்துவிடாத அளவுக்கு மட்டும். முந்தைய கோடையில் அழுகிய வேருக்கு, இலையில்லாத நிலையில் நனைந்த மண்தான் மிகப்பெரிய ஆபத்து. பகல் நீளத் தொடங்கியதும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கிளைகளை நகத்தால் கீறிப் பச்சை தெரியும் கணுவுக்கு மேலே வெட்டி, பழைய கலவையில் மூன்றில் ஒரு பங்கை உதிர்த்துப் புதிது இட்டு, அதே 12 செ.மீ. தொட்டியிலேயே மீண்டும் வைக்க வேண்டும். துளை வழியே வெள்ளை வேர் எட்டிப் பார்த்த பிறகு 15 செ.மீ., அதன்பின் மூன்றாகச் சேர்த்துத் தொங்கு தொட்டி. அழுகல் கண்ட பழைய மண்கலவை வேறு எந்தத் தொட்டிக்கும் போகவில்லை. திறந்த நிலத்தில் புல்வெளி ஓரம் பரப்பிவிட்டார்கள். காலித் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அரைமணி நேரம் ஊறவைத்து, அலசி வெயிலில் காயவைத்தபின்தான் அடுத்த செடிக்கு எடுத்தார்கள்.